கத்தரிக்காய்க் குழம்பின் கீழே ஒரு வரி

சித்தி,

இன்று காலை கத்தரிக்காய்க் குழம்புக்கு நிலக்கடலை வறுத்தேன். தோல் கருகும் வாசனை வந்ததும் அடுப்பைத் தணிக்கச் சொல்லி எட்டிப் பார்ப்பீர்களே, அதற்காக ஒரு கணம் காத்திருந்தேன்.

பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டு ரெங்கம் ஊரிலுள்ள உங்கள் வீட்டுக்கு வந்தபோது, முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. வீட்டில் சமைத்து விற்ற நீங்கள், ஆர்டர் எடுக்க ஓர் இணையப்பக்கம் செய்யச் சொன்னீர்கள். காணொளி பார்த்து, இணையப்பக்கத்துக்கான குறிகளை ஒவ்வொன்றாகத் தட்டி நானே செய்தேன். தடித்த எழுத்து வரவழைக்கத் தெரிந்த நாளிலிருந்து சாப்பாட்டின் பெயர், விலை, "சுடச்சுடக் கிடைக்கும்" எல்லாமே தடிப்புதான். வாயால் பேசாததை அங்கே உரக்கப் பேசினேன் போலும்.

கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "குழம்புக்குக் கீழ கச்சான் கடலை இருக்குன்ற வரி மட்டும் போல்டா இருந்தா போதும்மா. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா எது கண்ணுல படும்?" என்றீர்கள். அப்புறம் மாற்றுகிறேன் என்றேன். மாற்றவில்லை.

அந்த வாரமே ஒருவர் மகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்கிலிருந்து நேராக வந்தார். நம் குழம்பைச் சாப்பிட்ட, கடலை ஒத்துக்கொள்ளாத சிறுமியின் உதடு வீங்கியிருந்தது. போனை நீட்டி, கடலை என்று எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். வரி இருந்தது, அதைத் தேடி எடுக்க உங்களுக்கே நேரமானது.

"எழுதினது நான்தாங்க. என் தப்பு," என்றீர்கள். கணினியைத் திறக்கக்கூடத் தெரியாத நீங்கள். நான் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் நின்றேன்.

அன்றே எல்லாத் தடிப்பையும் எடுத்தேன். எழுத்தைத் தடிப்பாகக் காட்ட ஒரு குறி, இது முக்கியம் என்று சொல்ல வேறொரு குறி என்பதை அப்போதுதான் படித்தேன். இரண்டாவதை அந்த ஒரு வரிக்கு மட்டும் போட்டேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்கு மாதத்தில் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இன்று மதியம் அதே மனிதர் வந்தார். மகளின் பிறந்தநாளாம், சனிக்கிழமைக்குக் கடலை படாத சாப்பாடு வேண்டுமாம்.

"இப்ப நீதான் எழுதுறியா? தெளிவா இருக்கு லா. முன்ன அந்த அம்மா எல்லாத்தையும் போல்டாக்கி வச்சிருந்தாங்க."

தலையாட்டினேன், சித்தி. உண்மையைச் சொல்ல வாசலுக்கு ஓடுவதற்குள் கார் போய்விட்டது.

சனிக்கிழமை மறுபடி வருவார். "முன்ன எழுதினதும் நான்தான், அங்கிள்." நான்கே சொல். பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன். குரல் இன்னும் குழாய்ச் சத்தத்தைத் தாண்டவில்லை.