சேர்ட்டுக்குள் இரண்டு பெனியன்

அப்பா,

மின்விசிறி துடைக்கப் பழந்துணி தேடி இன்று காலை உங்கள் அலுமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் அந்த இரண்டு பெனியன்களும் கிடந்தன. கிழித்துத் துணியாக்கத்தான் எடுத்தேன், கை வரவில்லை. பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள்மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு காலத்தில் எப்படி இருந்தீர்கள்! காலி வீதி பஸ்ஸில் நீங்கள் ஏறி இருந்தால் பக்கத்து ஆளுக்குப் பாதி இருக்கைதான். வயது எண்பதைத் தாண்டியதும் அந்த உடம்பு தானாகவே வற்றத் தொடங்கியது. கன்னம் ஒட்டியது, சாரம் இடுப்பில் நிற்கவில்லை, பல் முரசு சுருங்கிப் பல்செட் கழன்று கழன்று விழுந்தது. எல்லாச் சோதனையும் செய்த டொக்டர், "நோய் வருத்தம் ஒண்டுமில்லை. வயது போகத் தசை கரையும், பசியும் குறையும். கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்கோ" என்றார்.

கொடுத்தேன். இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துக் கொடுத்தேன், மீனை முள் எடுத்துக் குழைத்துக் கொடுத்தேன். நீங்கள் சின்னப்பிள்ளை மாதிரி வாயை இறுக்கி மூடிக்கொள்வீர்கள். குரக்கன் கஞ்சி மட்டும்தான் இறங்கியது, அதுவும் ஒரு மணித்தியாலம் கெஞ்சினால். எங்கள் பிளாட்டின் வாட்ச்சர்கூட என்னைக் கண்டால் சிங்களத்தில், "மாத்தயா கெட்டு வெலா நே" என்பான். ஐயா மெலிந்துபோனாராம். எனக்குத் தெரியாததைச் சொல்வதுபோலச் சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து தம்பி வீடியோவில் வருவான். "அப்பாவுக்கு என்னக்கா குடுக்கிறனீங்கள்? எலும்பும் தோலுமா இருக்கிறார்" என்று தொடங்குவான். அத்தனை கடல் தாண்டி இருக்கிறவனுக்கு உங்கள் பசி நன்றாகத் தெரியும். அடுத்த ஞாயிறு நீங்களே சொன்னீர்கள்: "பிள்ளை, சேர்ட்டுக்குள்ளை ரெண்டு பெனியன் போட்டுவிடு." வெள்ளவத்தை வெக்கையில் வியர்த்து வழிய, மூன்று அடுக்கு உடுப்போடு நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். என்னைப் பேச்சிலிருந்து காப்பாற்றத்தான் இந்த வேஷம் என்று நினைத்து உருகிப்போனேன். வீடியோ கோல் முடிந்து கழற்றும்போது, "அவன் பாத்தால் பாவம், கவலைப்படுவான்" என்றீர்கள். உங்கள் கவலை முழுவதும் அவனுக்குத்தான்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. "சாப்பிட்டனீங்களோ அப்பா?" என்று அவன் கேட்டான். நீங்கள் திரையைப் பார்த்துக் கண்கலங்கி, "எங்கை தம்பி... விடியத்திலையிருந்து ஒண்டும் தரேல்லை" என்றீர்கள். உங்கள் நாடியில் ஒட்டியிருந்த கஞ்சியை நான் அப்போதுதான் துடைத்து முடித்திருந்தேன். ஒரு கையில் போன், மறு கையில் ஈரத் துவாய். கமராவுக்கு நீங்கள் மட்டும்தான் தெரிந்தீர்கள். "இப்பதானேடா குடிச்சவர்" என்றேன். "அக்கா, அப்பா பொய் சொல்லுவாரோ?" என்றான்.

அதோடு ஊரெல்லாம் தெரிந்துபோனது. கொட்டாஞ்சேனையிலிருந்து மாமி கரியர் நிறையச் சாப்பாட்டோடு வந்தா. நீங்கள் ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். இனியாவது விளங்கும் என்று நினைத்தேன். வெளியே போய், "அவளுக்கு முன்னாலை சாப்பிட மனுசனுக்குப் பயம்" என்று மாமி சொன்னாவாம்.

அது மறதியா, இல்லை மகன் கொஞ்சம் இரங்கட்டும் என்ற ஆசையா? மறதி என்றுதான் டொக்டர் சொன்னார். ஆனால் என் பெயரும் தம்பியின் பெயரும் கடைசிவரை உங்களுக்கு மறக்கவில்லையே. எனக்கு ஒரு பதில் சொல்லாமலே போய்விட்டீர்கள்.

நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையலுக்குத் தம்பி வந்திருந்தான். உங்களுக்குப் படைத்த இலையில் நண்டுக் கறி, பொரித்த கோழி, இறால், வடை என்று இடமில்லாமல் குவித்தான். "இண்டைக்காவது அப்பா வயிறாரச் சாப்பிடட்டும்" என்று அழுதான். வந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்களுக்கு இறங்கிய குரக்கன் கஞ்சி அந்த இலையில் இல்லை.

இப்போது எனக்கும் வயது போகிறது. பிளவுஸ் தோளில் நிற்பதில்லை. எதைச் சமைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம் என்றிருக்கிறது. போன ஞாயிறு வீடியோவில் வந்த தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, நல்லா மெலிஞ்சிட்டீங்கள்! வடிவா இருக்கு. என்ன, டயட்டோ?"

"ஓம், பீச்சிலை நடக்கிறனான்" என்றேன்.

உங்களுக்கு என்ன குறை அப்பா? நீங்கள் மெலிந்தபோது குற்றம் சொல்லவாவது நான் ஒருத்தி இருந்தேன். நான் மெலிகிறேன், யாரைக் கேட்பார்கள்?

பெனியன்களைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். பிறகு குரக்கன் கஞ்சி காய்ச்சிக் குடித்தேன். உங்களால் வந்த பழக்கம் ஒன்று எனக்கு இருக்கிறது. குடித்து முடிந்ததும் நாடியில் ஒட்டியதை உடனே துடைப்பதில்லை. கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் துடைக்கிறேன். இன்று நான் சாப்பிட்டேன் என்பதற்கு வேறு சாட்சி எனக்கு இல்லை.