துடைத்தால் போகாத புள்ளி

என் கணவருக்கு,

எதிலும் குறை கண்டுபிடிக்கும் உங்களுக்கு, குறையைத் தவிர வேறெதுவும் இல்லாத உங்கள் மனைவி எழுதுவது. வீட்டில் நானும் மகளும் சுகம். உறை இத்தனை கனமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், விஷயம் கொஞ்சம்தான். அறையில் கூட இருப்பவரிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். நீங்களே படியுங்கள். உங்களால் முடியும்.

மோதிரம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்த உங்கள் நண்பர் அதை ஏதோ ராஜ்யத்தையே தூக்கிவந்த மாதிரி மேசைமேல் வைத்துவிட்டு, நான் அழுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். உங்கள் அக்காதான் சேதி தெரிந்து ஓடிவந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் தம்பி பொறுக்கின கல்லுல தோஷம் இருக்குமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். வைரத்தைத் தரம் பிரிப்பது உங்கள் தொழில் என்பதை எனக்கே புதிதாகச் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தொழிலை வீட்டுக்கும் கொண்டுவந்து நீங்கள் என்னைத் தரம் பிரித்தது அவருக்குத் தெரியாதா என்ன? டம்ளரில் விரல் தடம், சட்டையில் விட்டுப்போன ஒரு தையல், என் குரலில் கொஞ்சம் ஏற்றம். கல்யாணம் ஆனதிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தீர்கள். போன லீவு வரைக்கும் 'நல்லாருக்கு' என்ற வார்த்தை உங்கள் வாயில் வந்ததே இல்லை.

அதனால்தான் அவர் போன பிறகு இழுப்பறையிலிருந்து உங்கள் பழைய லென்ஸை எடுத்தேன். எனக்கும் பார்க்கத் தெரியும். நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கு அதற்குப் புத்தி போதாது என்பது உங்கள் எண்ணம். நீங்கள் பார்ப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக் கல்லை மெதுவாகத் திருப்பினேன். நடுவில் இல்லை, ஓரமாக, ஒரு கரும்புள்ளி. பேனா முனை தொட்ட அளவுகூட இல்லை. லென்ஸ் இல்லாமல் யாருக்கும் தெரியாது. லென்ஸ் வைத்தால் உங்கள் ஆபீஸில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் தெரியும்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. கடைசியில் நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள். உடனே உங்கள் அக்காவுக்குப் போன் செய்து, உங்க தம்பி பொறுக்கின கல்லுல புள்ளி இருக்கு, வந்து பாருங்க என்றேன். "கண்ணுக்கே தெரியாத புள்ளிய வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்று பட்டென்று வைத்துவிட்டார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்புறம் ரசீதைப் பார்த்தேன். சுத்தமான கல் என்று போட்டிருந்தது. இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று தெரிந்தே மட்டமானதைத் தலையில் கட்டிவிட்டீர்கள், ரசீதும் ஏதோ செய்து வாங்கியது என்றுதான் நினைத்தேன். நறுக்கென்று கேட்க நாலு வார்த்தை யோசித்து வைத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டேன். கல்லு சுத்தம்தானா என்று கேட்டதற்கு, "நானே மூணு தடவ பாத்தேன், ஒரு பொட்டு இல்ல" என்றீர்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் என் சமையலை ஒரு தரமாவது பாராட்டியிருப்பீர்கள். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று தடவை பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியவில்லை.

போன லீவை நினைத்துப் பார்த்தேன். முன்னறைச் சுவரைப் பெயிண்டர் பிரஷ் தடம் தெரியக் கன்னாபின்னாவென்று அடித்துவிட்டுப் போயிருந்தார். நீங்கள் என்ன சொல்வீர்கள், நான் என்ன பதில் கொடுக்க வேண்டும் என்று தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் சுவரைப் பார்த்து "நல்லாருக்கு" என்றீர்கள். பகலிலேயே விளக்கைப் போடச் சொன்னீர்கள். வாசல் படியில் தடுக்கிவிட்டுப் படியைத் திட்டினீர்கள். மகளின் மதிப்பெண்களை அவளையே படிக்கச் சொல்லிக் கேட்டீர்கள், அவள் பூரித்துப்போனாள். நானும்தான். மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். கண் தெரியாததை அன்பு என்று எடுத்துக்கொண்ட என்னைப் போல் ஒரு மடச்சி இல்லை. தெரிந்தும் வாயைத் திறக்காத உங்களைப் போல் ஓர் அழுத்தக்காரரும் இல்லை.

வேலை போய்விடும் என்று பயம். மற்றவர் குறையை லென்ஸ் வைத்துத் தேடுகிறவருக்குத் தன் குறையைச் சொல்ல மட்டும் தைரியம் இல்லை. கேவலமாக இருக்கிறது. எனக்கு வந்த கல்லில் புள்ளி இருந்தால் அது என் விரலோடு போயிற்று. ஆபீஸில் உங்கள் கையைத் தாண்டிப் போகிற கற்கள்? நல்ல கல் என்று நீங்கள் ஒதுக்கி வைத்ததில் ஒரு நாள் புள்ளி தெரிந்தால், கண் கெட்டுவிட்டது என்று முதலாளி நினைக்க மாட்டார். கல்லை மாற்றி எடுத்துவிட்டீர்கள் என்றுதான் நினைப்பார். ஒருவருக்கும் பத்துப் பைசா துரோகம் செய்யாத உங்களுக்கு அந்தப் பெயர் வரக் கூடாது. அதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். கண் டாக்டரைப் பாருங்கள். புரையாக இருந்தால் எடுத்துவிடலாமாம், இங்கே விசாரித்தேன். வேறு எதுவாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது என்றார்கள்.

கல்லைத் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. கொடுத்தால் யார் பார்த்து வாங்கியது என்ற பேச்சு வரும். உங்கள் அக்காவுக்கு மறுபடி போன் செய்து, அது தூசி, துடைத்ததும் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் கொக்கரித்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "அவன் கண்ணு என்ன உன் கண்ணு மாதிரியா?" என்றார். ஆமாம் அண்ணி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இத்தனை வருஷத்தில் உங்களை ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். அதையும் விட்டுக்கொடுத்தாயிற்று.

கடைப் பலகை மாதிரி எழுதியிருக்கிறாளே என்று சிரிக்க வேண்டாம். ஒரு பக்கத்துக்கு நாலைந்து வரி என்று எழுதியதில் மகளின் நோட்டே தீர்ந்துவிட்டது. இந்த அளவு எழுத்து தெரிகிறதா, இல்லையா என்பதை மட்டும் உடனே சொல்லுங்கள்.

முன்னறைச் சுவரை மறுபடி அடிக்கச் சொல்லவில்லை. அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்து, ஒவ்வொரு தடத்தையும் விரல் வைத்துக் காட்டி, வாய் வலிக்கத் திட்டுங்கள். பதிலெல்லாம் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
மோதிரத்தைக் கழற்றாமல் போட்டிருக்கும்
உங்கள் மனைவி