கடல் என் பக்கத்து ஜன்னலில்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

கோழித்தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி. முட்டிவலி, முட்டிவலி என்று எழுதியே ஜனவரி தீர்ந்துவிட்டது. இன்றைக்கு வலி வேறு இடத்தில்.

டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் ஜெயபிரகாஷ் வாத்தியார் என்னை மடக்கிவிட்டார். பூகோளம் நடத்தி ரிட்டையர் ஆனவர். நான் கல்கத்தா லைனில் லாரி ஓட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருடம் சேலத்து ஜவ்வரிசி லோடு. மெட்ராஸைத் தாண்டிவிட்டால் கல்கத்தா வரைக்கும் கடல்தான் துணை. போகும்போது என் பக்கத்து ஜன்னலில், வரும்போது கிளீனர் பக்கத்து ஜன்னலில். இதில் என்ன பொய்? மேப்பை விரித்தால் தெரிந்துவிடுகிறது.

"மாதையன், அந்த ரோட்டுல கடலே தெரியாதுங்க. நடுவுல வயக்காடும் ஊருமாக் கெடக்குது. நீங்க எங்கீங்க பாத்தீங்க?"

"ஒரிசாவுல. ரம்பாங்கற ஊரு. தொண்ணூத்தொம்போது புயல்ல எறங்கியே குளிச்சேன்."

"அது கடல் இல்லீங்க. சிலிகா ஏரி."

ஏரியாம்! ஆளுயரத்துக்கு அலை அடித்தது. வாயில் உப்புக் கரித்தது. அக்கரை என்று ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை. கடல் ஆவதற்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? "வானம் தெளிஞ்ச நாள்ல போய்ப் பாருங்க, அக்கரையில மலை தெரியும்" என்கிறார். மற்ற டிரிப்பில் எல்லாம் அந்த இடத்தை இருட்டில்தான் கடந்திருக்கிறேன், அது என் குற்றமா?

இவர் கிருஷ்ணாவையும் கோதாவரியையும் கரும்பலகையில் கோடாகப் போட்டவர். நான் பாலத்தின் மேல் போனவன். அதற்கப்புறம் வம்சதாரா, ருஷிகுல்யா, மகாநதி, பிராமணி, வைதரணி, சுவர்ணரேகா. தூக்கத்தில் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். அசோகன் கலிங்கத்தில் சண்டை போட்டு மனம் மாறிய இடத்தில் நான் டயர் மாற்றியிருக்கிறேன். ஜாக்கி வைக்க மண்ணைக் கிளறியபோது ஈட்டி முனை கிடைத்தது. ("எங்க அது?" என்று ஒருத்தன் கேட்டான். அரசாங்கச் சொத்து, அங்கேயே புதைத்துவிட்டேன்.)

எட்டாவதோடு நின்றவன் என்ற இளக்காரம். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 10

டீக்கடைக்குப் போகவில்லை. வீட்டுக்காரி பாவாயி போட்ட காப்பியே போதும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தங்கச்சி ஆராயி போன் பண்ணி உடனே வரச் சொன்னாள். சூரமங்கலம் போனேன். ராசிபுரம் தாண்டும் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. முட்டிவலிக்காரனுக்கு எழுந்து இடம் கொடுக்க ஒரு பயல் இல்லை.

விஷயம் இதுதான். அவள் மகள் அபிநயா விசாகப்பட்டினத்தில், கப்பலில் சரக்கு அனுப்புகிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதே ஆபீசில் இருக்கும் ஒரிசாப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறாளாம். பேர் லிங்கராஜ். கஞ்சம் ஜில்லா, ரம்பா இருக்கும் அதே ஜில்லா.

மணிமாறன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என் தங்கச்சி புருஷன், ரயில்வே ஆபீசில் இருந்தவர். ரயில் அட்டவணையில் இருப்பதைத் தாண்டி ஒரு சொல் பேசமாட்டார். இன்று பேசினார்.

"மச்சான், வருசா வருசம் புயல் வந்து ஊரையே வாரிக்கிட்டுப் போயிருமுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"லாரிய மறிச்சுக் கொள்ளையடிப்பாங்கன்னது?"

"நான்தான். ஆனா அது..."

"சோத்துல மருந்து வெச்சு, வந்த ஆளை அங்கியே நிறுத்திருவாங்கன்னது? எம்புள்ளைக்கும் அப்படித்தான் வெச்சிருக்கறாங்க. தாய்மாமன் வார்த்தையப் புடிச்சுத்தான் நிக்கறேன் நான். எனக்கென்னங்க அந்தத் தேசத்தப் பத்தித் தெரியும்?"

இருபத்தைந்து வருடத்தில் ஆயிரம் சொல்லியிருப்பேன். அங்கே தாமரை எத்தனை பெரிசு, கோயில் எத்தனை உயரம், பாலிக்கும் சாவகத்துக்கும் கப்பல் விட்ட ஜனம் எப்படிப்பட்டது, எல்லாம்தான் சொன்னேன். அதில் ஒன்றாவது இந்த மனுஷனுக்கு ஞாபகம் இருக்கிறதா? புளியம்பழத்தைப் போட்டுவிட்டுக் கொட்டையைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டிருக்கிறார்!

பிப்ரவரி 17

கோபம் ஆறவில்லை. தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் இல்லை. அந்த மரியாதை எனக்கு உண்டு. அதையே என் தலையில் கல்லாகத் தூக்கி வைப்பதா? அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோனதற்கு மாமன்தான் காரணம் என்று நாளைக்கு ஊர் பேசும்.

அந்தப் பையனைப் பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லையே, அதுதான் எரிகிறது.

பிப்ரவரி 19, புதன்

அபிநயா போன்.

"சொல்லு சாமி" என்றேன். அழுகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மாமா, நான் எதுக்கு இந்த ஊருக்கு வேலைக்கு வந்தேன் தெரியுமா? சின்னதுல நீங்க ஆத்துப் பேரெல்லாம் வரிசையாச் சொல்லுவீங்க. அதக் கேட்டுக் கேட்டுத்தான். சென்னையில கெடச்ச வேலைய விட்டுட்டு வந்தேன். இப்ப உங்க கதையத்தான் அப்பா எனக்கே திருப்பிச் சொல்றாரு."

"அந்த மனுசனுக்குக் கேக்கத் தெரியல சாமி. நான் சொன்னது..."

"ஒரு தடவை, ஒரே தடவை, நெஜமா அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க மாமா. தொண்ணூத்தொம்போதுல. போதும்."

என்னை, தாய்மாமனை, நெஜமா என்று கேட்கிறாள்! முட்டி வலிக்குது, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20

முட்டி வலிக்கவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பச்சமுத்துவைப் பார்க்கப் போனேன். என் வண்டியில் கிளீனராக இருந்தவன். இப்போது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறான். ஒரு வண்டியின் நெற்றியில் பாதி மயிலை எழுதி வைத்துவிட்டு பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

விஷயத்தைச் சொன்னேன். மணிமாறனை நாலு திட்டு திட்டுவான் என்று பார்த்தால், என்னையே பார்க்கிறான்.

"அண்ணா, தண்டபாணி ஊட்டுக் கதைய எதுக்கு நீங்க யாருக்கும் சொல்லவேயில்லை?"

"அதுல சொல்றதுக்கு என்னடா இருக்குது?"

"ஆமாங்க. அதுல நீங்க ஒண்ணுமே பண்ணலையே" என்று சிரித்தான்.

திமிர். அவனுக்குச் சோறு போட்டு லைன் பழக்கிவிட்டவன் நான். பேசாமல் கிளம்பினேன். ரோடு முக்கு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம சட்டையைத் தோச்சுப் போடு. சூரமங்கலம் போறோம்."

மார்ச் 2, ஞாயிறு

போனோம். அபிநயாவும் வந்திருந்தாள். மூலையில் சுவரோடு சுவராக நின்றாள்.

நான்தான் ஆரம்பித்தேன். "மாப்பிள்ளை, நான் சொன்னதுல பாதியத்தான் நீங்க கேட்டிருக்கறீங்க. மீதி இவன்கிட்ட இருக்குது. டேய், சொல்லு."

பச்சமுத்து உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"ஐப்பசிப் புயலுங்க. லாரி சேத்துல எறங்கிப்போச்சு. தார்ப்பாய் கிழிஞ்சு ஜவ்வரிசி பூராம் நனஞ்சு கூழாயிருச்சு. அண்ணனுக்குக் காச்ச அனலாக் கொதிக்குது. அங்க தண்டபாணின்னு ஒருத்தரு, ரோட்டோரம் பங்க்சர் கடை. அவரூட்டுக் கூரையே பாதி பறந்துபோச்சுங்க. மீதிக் கூரைக்கடியில எங்களப் படுக்க வெச்சுப்போட்டு அவிய பொண்டாட்டி புள்ளையோட நனஞ்சாங்க. அந்தம்மா பழஞ்சோத்துல தயிரக் கரைச்சு அண்ணனுக்குக் கையில ஊட்டுனாங்க. அண்ணன், 'ஆத்தா, நான் ஊட்டுக்குப் போகோணும்'னு அழுதாரு."

ஆராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

மணிமாறன் என் பக்கம் திரும்பினார். "அழுதீங்களா மச்சான்?"

மழைத்தண்ணி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுவரோரம் நின்ற பெண் என்னையே பார்க்கிறாள்.

"சும்மா அழல மாப்பிள்ளை. மூணு நாள் அழுதேன். அந்த ஊரே கூடி நின்னு பாத்துச்சு."

"மூணு நாளெல்லாம் இல்லீங்க" என்றான் பச்சமுத்து.

"அப்பறம் சோத்துல மருந்துன்னீங்க?" என்றார் மணிமாறன்.

"அது லாரி ஓனருக்குச் சொன்னதுங்க. லோடு பூராம் போச்சு, ஆளும் வாரம் கழிச்சு வந்து நிக்கறான்னா எதையாவது சொல்லோணுமில்ல? ஓனருக்குச் சொன்னத ஊட்டுல எடுத்து வெச்சுக்கிட்டா அதுக்கு நானா பொறுப்பு?"

நியாயமான கேள்விதானே!

"கொள்ளைக்காரங்க?" என்றார்.

"கொள்ளையடிக்க எங்கிட்ட என்ன இருந்துச்சு? கூழுதான் இருந்துச்சு. அதையும் நான்தான் தண்டபாணி ஊட்டு மாட்டுக்கு ஊத்தினேன்."

மணிமாறன் எழுந்து வாசலுக்குப் போனார். ரயில் ஒன்று கடந்து முடியும் வரை அங்கேயே நின்றார். திரும்பி வந்து, "தண்டபாணிங்கறது நம்ம பழனியாண்டவர் பேருல்ல?" என்று கேட்டார்.

"அதே பேருதானுங்க. அந்தப் பக்கம் அந்தப் பேரு நெறயா" என்றேன். இதில் ஒரு சொல் கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

"மாப்பிள்ளை ஊடு பாக்கோணுமுன்னா எத்தனை தூரமிருந்தாலும் போய்த்தான் பாக்கோணும். தாய்மாமனும் வரோணும்" என்றார். பாக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. அட்டவணை மாதிரி அறிவித்தார்.

அபிநயா என்னைத் தாண்டிப் போகும்போது, "மூணு நாளா மாமா?" என்றாள்.

மார்ச் 3

பச்சமுத்து இதைப் பட்டறை முழுக்கச் சொல்லியிருப்பான். சொல்லட்டும். கேவலமாகச் சொல்லியிருந்தால் மட்டும் நான் சும்மா விடமாட்டேன்.

மார்ச் 22, சனி

ரயில். மெட்ராஸ் தாண்டியதும் கிழக்குப் பக்கத்து ஜன்னலைப் பிடித்து உட்கார்ந்தேன். வயல். பனை. ஊர். மறுபடியும் வயல். மணிமாறன் எதிரில் உட்கார்ந்து அதே ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரோடு வேறு, தண்டவாளம் வேறு என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

மாப்பிள்ளை வீடு பெர்ஹாம்பூர் பக்கம். ஓட்டு வீடு, முன்னால் முருங்கை. லிங்கராஜ் என் கையில் இருந்த பையை வாங்கிய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, நல்ல பையன். தொடுகறியோடு பழஞ்சோறு வைத்தார்கள், தயிர் கரைத்தது. வெயில் காலத்தில் அங்கே அதுதான் விருந்து. மணிமாறன் முதல் வாயை எடுக்கும்முன் என்னைப் பார்த்தார். நான் சாப்பிட்டேன். அவரும் சாப்பிட்டார். இன்னொரு தடவை வாங்கினார்.

சாயங்காலம் லிங்கராஜ் எங்களைக் காரில் ரம்பாவுக்குக் கூட்டிப்போனான். பங்க்சர் கடை இருந்த இடத்தில் இப்போது பெரிய ரோடு. தண்டபாணியை யாருக்கும் தெரியவில்லை. இப்படி ரோடு போட்டு ஒரு குடும்பத்தையே தெரியாமல் பண்ணிவிடலாமா? யாரைக் கேட்டுப் போட்டார்கள்?

தண்ணீர் ஓரம் போய் நின்றோம். காற்றே இல்லை. வானம் நன்றாகத் தெளிந்திருந்தது. அக்கரையில் மலை, ஒன்றன் பின் ஒன்றாக, மரம் வரைக்கும் தெரிந்தது. நடுவில் ஒரு தீவு வேறு.

நேரம் பார்த்து ஜெயபிரகாஷ் வாத்தியார் போன் பண்ணுகிறார். பாவாயி சொல்லியிருப்பாள்.

"என்னங்க மாதையன், ரம்பாவுல நிக்கறீங்களாமா? கடலா, ஏரியா?"

பள்ளிக்கூடத்துக் குரல், பக்கத்தில் நின்றவருக்கும் கேட்டிருக்கும். மணிமாறன் என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தார். எதிரே மலையைப் பார்த்தார்.

"கடல்தானுங்க சார். அக்கரையே தெரியலீங்க" என்றார்.

போனை என்னிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, குனிந்து கையில் அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"உப்பாத்தான் இருக்குதுங்க மச்சான்" என்றார். "வைகாசியில வெச்சுக்கலாமா?"