தோணி கூப்பிடும் மவுத் ஓர்கன்

12 ஆவணி 1964, புதன்

கிண்ணியாத் துறையடிக்குப் போனேன். மீன் வியாபாரி காசிம் காக்காவிடம் வெள்ளைக்கார நேவிக்காரன் விட்டுப்போன மவுத் ஓர்கன் ஒன்று இருக்கிறது. நான் சேர்த்துவைத்திருக்கும் ஒன்பதில் அந்த வகை இல்லை. ஆசையோடு கையில் வாங்கிப் பார்த்து ஓங்கி ஊதினேன். அக்கரையில் நின்ற தோணி புறப்பட்டு வந்துவிட்டது! ஏற ஆளில்லை. தோணிக்காரர் என்னை ஏசித் தீர்த்தார். காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கரையிலுள்ள வீட்டுக்குத் திரும்ப அதை ஊதித்தான் அவர் தோணியைக் கூப்பிடுவாராம்.

“இதத் தாங்க காக்கா, புதுசு ஒண்டு வாங்கித் தாறன்.”

“ஏலாது மாஸ்டர். புதுசிண்ட சத்தம் தோணிக்காரனுக்குத் தெரியாதே. நான் எப்பிடி வீட்ட போற?”

வெறுங்கையோடு வந்தேன். ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை. அலுமாரியில் இருக்கும் ஒன்பதையும் நான் மாறி மாறி ஊதினாலும் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் என் மனைவிகூட எட்டிப் பார்க்கமாட்டாள்.