யார் ஊற்றுவது

அக்டோபர் 7, செவ்வாய்

மறுபடியும் என் தலையில் விழுந்துவிட்டது. முப்பதாம் தேதி ஒகபேவுக்கு விருந்து. இடம் பார்க்க வேண்டியது நான்.

ஒகபே, முகக்கிரீம் கம்பெனியின் கொள்முதல் தலைவர். அந்தக் கிரீம் டப்பாக்களுக்கு நாங்கள் பிளாஸ்டிக் மூடி செய்கிறோம். அவர் கையெழுத்துப் போட்டால் எங்கள் தொழிற்சாலை ஓடும். அதனால் வருடா வருடம் அவருக்குச் சாப்பாடு, எங்களுக்குக் கும்பிடு.

எங்கள் பிரிவுத் தலைவர் குராமோச்சி என் மேசையருகே வந்து நின்றார். "வெறும் ஜப்பான் சாப்பாடுன்னா சப்புனு இருக்கும். வெறும் பிரெஞ்சுன்னா ஒகபே சாருக்கு வயிறு நிறையாது. இப்ப ரெண்டையும் கலந்து போடுறாங்களே, அந்த மாதிரி பாரு. சாப்ஸ்டிக்கும் இருக்கணும், ஒயினும் இருக்கணும். தனி ரூம். இதெல்லாம் பொம்பளைங்களுக்குத்தான் தெரியும், அகுட்சு."

பக்கத்து மேசையில் செரிசாவா. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன். அவனுக்கு நாக்கு இல்லையா? கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பிப் போகும்போது குராமோச்சி சொன்னார்: "இந்தத் தடவை இசாகியை ஒகபே சார் பக்கத்துல உட்கார வச்சிடலாம். நீதான் சீனியர் ஆயிட்டியே."

இசாகி ஏப்ரலில் சேர்ந்தவள். கல்லூரியிலிருந்து நேராக வந்தவள்.

அக்டோபர் 8

சீனியர் ஆகிவிட்டேனாம். என் தொடைக்கு விடுதலை.

அக்டோபர் 9, வியாழன்

நேற்றைய வரியைப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. சரி, எழுதிவிடுகிறேன்.

போன வருடம் பாய் விரித்த தனி அறை. விருந்தாளியின் குவளை காலியாகக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் பார்த்துப் பார்த்து ஊற்ற வேண்டும். பக்கத்தில் இருந்தது நான். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் ஜாடியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அதாவது என் இரண்டு கையும் மேசைக்கு மேலே. அவருடைய ஒரு கை மேசைக்கு அடியில். குராமோச்சி பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் சூப்புக் கிண்ணத்தைத் திறந்து உள்ளே பார்த்தார். அதில் என்ன கண்டாரோ.

மறுநாள், "ஆர்டர் கிடைச்சிடுச்சு, நல்லா பண்ணே" என்றார்.

இசாகியை அந்த இடத்தில் உட்காரவிடக் கூடாது. எப்படி என்று தெரியவில்லை. என் கையில் இருப்பது ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும் வேலை மட்டும்தான்.

அக்டோபர் 11, சனி

இடம் பார்ப்பவர் முன்னால் போய்ச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். கழிப்பறை, படிக்கட்டு, செருப்பு கழற்றும் இடம் எல்லாம் பார்க்க வேண்டும். விடுமுறை நாளில், தனியாக.

இன்று கின்சாவில் ஓர் ஓட்டல். நீள மேசை, எல்லோரும் சமையல்காரரைப் பார்த்து ஒரே வரிசையில். 'கோடையின் நினைவு' என்று ஒன்று வந்தது. ஒரு தக்காளி. அடுத்து வேகவைத்த முள்ளங்கி மேல் வாத்து ஈரல், அதன் மேல் தங்கத்தாள் துணுக்கு. தங்கத்துக்கு ருசி கிடையாது, மறுநாள் எங்கே போய்ச் சேரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பக்கத்து இருக்கை அம்மாள் கண்ணை மூடி மென்றாள்.

ஆனால் இங்கே எல்லார் கையும் வெளிச்சத்தில். பிடித்திருந்தது.

அக்டோபர் 14

குராமோச்சி வேண்டாம் என்றுவிட்டார். "வரிசையா உட்கார்ந்தா மனசு விட்டுப் பேச முடியுமா?"

மனசு!

அக்டோபர் 18, சனி

ககுராசாகா மேட்டில் இரண்டு இடம் பார்த்தேன்.

முதலாவது பழைய வீடு. மேசைக்கு அடியில் காலைத் தொங்கவிடக் குழி வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன். இருட்டு. ஒகபேவுக்கென்றே வெட்டிய மாதிரி இருந்தது. வெண்ணெய் போட்ட மீன் சாற்றை இரண்டு வாய் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது சந்துக்குள். பெரிய மேசை போட்ட ஒரே ஒரு தனி அறை. வாத்துக்கறியில் ஜப்பான் மலைமிளகு, ரொட்டியோடு மிசோ என்ற சோயா விழுது கலந்த வெண்ணெய். நன்றாக இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது. யாருக்காக இதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்?

அங்கே நிர்வாகம் பார்க்கும் அம்மாள் கேட்டார்: "உட்கார வைக்கிறது நம்ம முறையிலயா, பிரெஞ்சு முறையிலயா?"

எனக்குப் புரியவில்லை. அவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். நம் முறையில் வாசலுக்குத் தூரமான பக்கம் விருந்தாளிகள், எதிரில் நாம். ஊற்றிக் கொடுக்க நம்மில் ஒருத்தி அந்தப் பக்கம் போய் உட்கார்வாள். பிரெஞ்சு முறையில் விருந்து கொடுப்பவர் நடுவில். முக்கிய விருந்தாளி அவருக்கு வலது கைப்பக்கம். ஒயின் ஊற்றுவது ஓட்டல்காரர் வேலை, யாரும் பாட்டிலைத் தொடக்கூடாது.

அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் குராமோச்சி. அவருக்கு வலப்பக்கம் ஒகபே. ஒகபேவுக்கு அந்தப் பக்கம் சுவர்.

"பிரெஞ்சு முறை" என்றேன். "இருக்கையில பேர் அட்டை வச்சிடுங்க."

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். பேர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். மாதத்துக்கு ஒருத்தியாவது என்னைப் போல வந்து நிற்பாள் போல.

அக்டோபர் 20

குராமோச்சிக்கு ஓட்டலின் புகைப்படங்களைக் காட்டினேன். சமையல்காரர் பிரான்சில், லியோனில் படித்தவர் என்றதும் மூக்கு விரிந்தது. கழிப்பறை சுத்தமா என்று கேட்டார். யார் எங்கே உட்கார்வது என்று கேட்கவில்லை. சரி என்றுவிட்டார்.

அக்டோபர் 31, வெள்ளி

நேற்று நடந்தது.

பேர் அட்டையைப் பார்த்ததும் குராமோச்சி முகம் சுருங்கியது. "இதென்ன?" என்றார் மெதுவாக. பிரெஞ்சு முறை, ஒகபே சாருக்கு இதுதான் மரியாதை என்றேன். ஒகபே காதில் அது விழுந்துவிட்டது. "அப்படியா" என்று நெஞ்சை நிமிர்த்திப் போய் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யார் எழுப்புவது? குராமோச்சிக்கு மறுபக்கம் ஒகபேவின் உதவியாளர். எதிர்ப்பக்கம் நாங்கள் மூன்று பேர்; ஒகபேவுக்கு நேரே செரிசாவா, நடுவில் நான், கடைசியில் இசாகி.

ஆனால் பழக்கம் போகுமா? முதல் சுற்று முடிந்ததும் குராமோச்சி ஒயின்காரரைக் கூப்பிட்டார். பாட்டிலை வைத்துவிட்டுப் போங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார். வாங்கித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். பிறகு, "இசாகி, ஒகபே சாருக்கு ஊத்தும்மா" என்றார்.

ஒகபே அதற்குள் குவளையை நீட்டிவிட்டார். ஒயின் குவளையை யாரும் நீட்டுவதில்லை, ஆனால் அவருக்கு எல்லாமே பியர்தான். இசாகி நாற்காலியைத் தள்ளி எழுந்து, அகலமான மேசையைச் சுற்றி வர வேண்டும். விருந்தாளியின் குவளை அந்தரத்தில் நிற்கிறது. அதை நிற்கவிடுவதை விடக் கேவலம் எங்கள் தொழிலில் வேறில்லை. பாட்டில் இருப்பது குராமோச்சியின் முழங்கைக்குப் பக்கத்தில்.

அவரே ஊற்றினார். இரண்டு கையாலும், விளிம்புவரை. இசாகி உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு கடைசிவரை அவர்தான் ஊற்றினார். வாத்து ஆறிப்போனது, அவரால் சாப்பிட முடியவில்லை. இசாகி இரண்டாம் தடவை ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒகபே ஒன்று சொன்னார்: "உங்க கம்பெனிப் பொண்ணுங்களும் உங்க மூடி மாதிரிதான் குராமோச்சி. லேசுல திறக்காது." செரிசாவா சிரித்தான். உதவியாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. வாய் தானாக விரிந்தது.

வாசலில் டாக்சி வந்தது. வரிசையாக நின்று குனிந்தோம். ஒகபே ஏறப்போனவர் திரும்பி வந்தார். இசாகியின் இடுப்பில் கையைப் போட்டார். "அடுத்த தடவை என் பக்கத்துல, என்ன?" டாக்சிக்காரர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அந்தக் கை அங்கேயே இருந்தது.

நான் குனிந்தபடியே இருந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

ஆர்டர் வந்துவிட்டது. இடம் தேர்ந்தெடுத்ததற்கு என்னைப் பாராட்டினார்கள்.

மத்தியானம் படிக்கட்டில் இசாகி பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த ஓட்டலை எனக்காகத்தான் எடுத்தீங்களா?"

ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் போல. இருக்கை, அட்டை, சுவர், எல்லாம் விளக்கினேன்.

அவள் நன்றி சொல்லவில்லை. "அவர் அப்படிப்பட்டவர்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். அப்ப என்னைக் கூட்டிட்டுப் போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அவங்க..."

"அவங்க என்ன பண்ணுவாங்கன்னு தெரியாது. சொல்லவே இல்லையே."

மேலே ஏறிப் போய்விட்டாள்.

நவம்பர் 5

மூன்று ஓட்டல். தங்கத்தாள், ஈரல், மலைமிளகு. ஒரு வரி பேசாமலிருக்க நகரம் முழுவதும் தின்றுகொண்டு அலைந்திருக்கிறேன். சீ!

குராமோச்சி கிண்ணத்துக்குள் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வித்தியாசம் என்ன?

நவம்பர் 25, செவ்வாய்

வருடக் கடைசி விருந்து, டிசம்பர் பதினொன்று.

குராமோச்சி வந்தார். "அந்த பிரெஞ்சு முறையெல்லாம் வேண்டாம். பழையபடி பாய் ரூம், கால் தொங்கவிடுற மாதிரி. ஒகபே சார் போன் பண்ணார். இசாகி பக்கத்துல வரணுமாம்." கடைசி வரியைச் சொல்லும்போது சிரித்தார். தானும் அதற்குக் கொஞ்சம் வெட்கப்படுவது போன்ற சிரிப்பு. அதுதான் தாங்கவில்லை.

"இசாகி வரமாட்டா சார். நானும் வரமாட்டேன். நாலு பேருக்கு எடுக்கறேன்."

செரிசாவாவின் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அப்ப யாரு ஊத்துறது?"

"நீங்க நல்லாத்தான் ஊத்துறீங்க சார்."

 எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். யாரும் நிமிரவில்லை. இசாகி மட்டும் நாற்காலியை முழுவதும் திருப்பிக்கொண்டு குராமோச்சியையே பார்த்தாள்.

டிசம்பர் 1

ஜனவரியிலிருந்து நான் கம்பெனியின் சைதாமா கிடங்குக்கு. அங்கே ஆள் போதவில்லையாம். இங்கே இடமாற்றம் என்றால் ஏப்ரலில்தான்; நடுவில் யாரையும் மாற்றுவதில்லை.

ஓட்டல் பார்க்கும் வேலை செரிசாவாவுக்கு. எந்த ஓட்டல் நல்லது என்று வந்து கேட்டான். "நாக்கு இருக்கில்ல, போய்த் தின்னுட்டு வா" என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

குராமோச்சியும் செரிசாவாவும் விருந்துக்குக் கிளம்பிப் போனார்கள். செரிசாவா, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி புது சாக்ஸ் போட்டிருந்தான்.

நானும் இசாகியும் ஸ்டேஷன் பக்கத்துச் சாதாரண ஓட்டலில் சாப்பிட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் இடம். ஹாம்பர்க் என்கிற கொத்துக்கறி வடை, சோறு. குடிக்க வேண்டியதை மூலையில் இருக்கும் மெஷினில் நாமே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவள் எழுந்து போய்த் தன் குவளையை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உங்களுக்கு என்ன வேணும் அக்கா என்று கேட்கவில்லை.

நான் எழுந்து போய் என்னுடையதைப் பிடித்துக்கொண்டேன்.