ஒரு கணக்கு, பத்து வெங்காயம்

இந்த அர்த்த ராத்திரியில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

அவளுடைய துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கவுன் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன வெங்காயம் உருண்டு விழுந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாய். நீ துபாய் போய் நான்கு வருஷம் ஆகிறது. மூன்று வருஷமாகக் கடிதமும் இல்லை.

கல்லூரியில் புள்ளியியல் எனக்கு இரண்டு தடவை போனது நினைவிருக்கிறதா? மூன்றாம் தடவை கதவைச் சாத்தி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. நீதான் உங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுக்கு இழுத்துப் போனாய். அங்கே போனால் உன் அக்கா கல்யாணத்துக்கு வீடே அல்லோலகல்லோலப்படுகிறது! எனக்கு அழுகை முட்டியது. நீயோ புத்தகத்தோடு ஒரு முறம் வெங்காயத்தையும் கொண்டுவந்து வைத்தாய்.

“ஒரு கணக்குப் போடு, பத்து வெங்காயம் உரி. திரும்ப ஒரு கணக்கு.”

“வெளையாடாதடி. இந்த வாட்டியும் போச்சுன்னா எங்கப்பா கட்டிக் குடுத்துடுவாரு.”

“மனச இறுக்கிக் கட்டிப் போட்டா அது கயித்தத் தின்னும்டி. கொஞ்சம் மேய வுடு, தானா வரும்.”

வந்தது. நாள் முழுக்கப் பிடிபடாத கணக்கு ஏழாவது வெங்காயத்தில் பிடிபட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த நம்மைப் பார்த்து உன் வாப்பா, “என்னம்மா, ரிசல்ட் வர்றதுக்கு முன்னாலயே அழுவுறீங்க?” என்றார். “அழுவட்டும், வுடுங்க. பிரியாணிக்கு ஆவுதுல்ல!” என்று உன் உம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்கள். பாஸானேன். உனக்கு ஒரு நன்றி சொன்னேனா? இல்லை. இப்போது சொல்கிறேன்.

அரசு வேலைத் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். இவருக்கு நிலையான வேலை இல்லை. எனக்கு இது கிடைத்தால்தான் நாங்கள் மூச்சுவிட முடியும். தா.பழூரிலிருந்து இவருடைய அம்மா, என் அத்தை, வந்திருக்கிறார்கள். “புள்ளைய நான் தூக்கிட்டுப் போறேன். இத வச்சிக்கிட்டு நீ எப்படிம்மா படிப்ப?” என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நானும் பயத்தில் தலையாட்டிவிட்டேன். காலையில் முதல் பஸ்.

ஆனால் நேற்று மதியம் முழுக்கப் பாப்பா பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். மூன்று மணி நேரமும் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது அந்த வீட்டுச் சுவரிலேயே இருந்தது. இன்று அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தை இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அவ்வப்போது ஒன்றை என்னிடம் நீட்டுவாள். வாங்கி, முகர்ந்து, திருப்பிக் கொடுப்பேன். இரண்டு பாடம் முடிந்துவிட்டது. அது எப்படி முடிந்தது என்று அந்த வெங்காயம் உருண்டபோதுதான் உறைத்தது.

பையைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். “நீங்க பரீட்ச முடியிற வரைக்கும் இங்கயே இருங்களேன் அத்தை” என்று காலையில் கேட்கப்போகிறேன். என்ன சொல்வார்களோ தெரியவில்லை. ஆனாலும் நாளைக்கு உரிக்க வேண்டிய வெங்காயத்தை முறத்தில் எடுத்துப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

உன் உம்மாவிடம் கொடுத்து இதை உனக்கு அனுப்பச் சொல்கிறேன். கிடைத்ததும் சீக்கிரம் பதில் போடு.