செர்ரி கேக்கின் மேல் போட்ட கோடுகள்

இச்சாசு,
செப்டம்பர் 6

அன்பு மகள் அர்கிச்சுவுக்கு அப்பா எழுதுவது. மொன்றியலில் குளிர் தொடங்குமுன்பே இருமல் தொடங்கியிருக்காது என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், நலம் என்று எழுதினால் எந்தக் கை எந்தக் கால் என்று கேட்பாய், அந்த விவரமெல்லாம் பின்னால் வருகிறது, பொறு. போன வாரம் போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் மழுப்பினேன் என்று உனக்கு வருத்தம். போன் இருப்பது உன் அம்மாவின் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி. பக்கவாதம் வந்தது அவள் வலது பக்கத்துக்கு, காதுக்கு இல்லை. அதனால்தான் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஆட்டு மணிகளுக்கும் கயிற்றுக்கட்டுகளுக்கும் நடுவில், இன்று மழை, ஆள் நடமாட்டம் இல்லை.

முதலில் முக்கியமானதைப் பேசிவிடுவோம். பயோன் முதியோர் இல்லத்தில் நீ அம்மா பெயரைப் பதிந்து வைத்திருக்கிறாய், அக்டோபர் முதல் தேதி ஒரு படுக்கை காலியாகிறது, இந்த மாதம் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கரண்டி பிடிக்க முடியாதவளை, மாடிப்படி உள்ள வீட்டில், முட்டைகூட வேகவைக்கத் தெரியாத மனிதரிடம் எப்படி விட்டுவைப்பது என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான், உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, உன் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் என் பதில், வேண்டாம். படுக்கையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். ஏன் என்பதைக் கீழே எழுதுகிறேன், சரக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் பேரம் பேசு.

பிப்ரவரியிலிருந்து உன் அம்மா சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியும். வலது கை மடியில் கிடக்கும், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறை மாதிரி. செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். இவள் இடது கையால் அதை வாங்கி நாய்க்கு எறிந்துவிட்டு, நான் என்ன குட்டி நாயா பந்து விளையாட, அதுகிட்டயே குடு, அதுக்கு நாலு காலும் நல்லாருக்கு என்றாள். நான் கெஞ்சினேன், அதட்டினேன், மருத்துவர் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். எதுவும் நடக்கவில்லை. அப்படியே ஜூனும் வந்துவிட்டது, செர்ரி மரங்கள் பழுத்துக் கொட்டின, ஊரெல்லாம் ஜாம் காய்ச்சும் வாசனை, எங்கள் அடுப்பு மட்டும் சும்மா இருந்தது. அலமாரியில் போன வருஷம் அவள் காய்ச்சிய ஜாம் பதினோரு பெரிய ஜாடி. ஆகஸ்ட் பதினைந்து மாதா திருவிழாவுக்குப் பட்டித்தா வீட்டு விருந்துக்கு நம் வீட்டிலிருந்து கேக் போகாமல் ஒரு வருஷமும் இருந்ததில்லை. நமக்கு முதல் அண்டை வீடு அது, நாம் அவர்களுக்கு, நல்லதுக்கும் சாவுக்கும் முதலில் வந்து நிற்க வேண்டியவர்கள். ஆகவே நானே செய்கிறேன் என்று சொல்லி மாவுப் பையை இறக்கினேன்.

முதல் கேக்கைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. வெண்ணெயை உருக்கி ஊற்றிவிட்டேன், மாவு கூழாகிவிட்டது, மேல்மூடி வெடித்து ஜாம் பொங்கி ஓவன் தரையில் கருகி வீடு முழுக்கப் புகை. உன் அம்மா சிரித்தாள், பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக. தின்னவும் முடியவில்லை, எறியவும் மனமில்லை, பட்டித்தாவிடம் கொடுத்தேன். அவன் ஜாம் படாத ஓரமாகப் பார்த்து ஒரு துண்டு கடித்துவிட்டு, ஏண்டா மணிக்காரா, இதைத் தின்னு நான் முந்திப் போயிட்டா உன் சாவுக்குச் சிலுவை தூக்க எவன்டா வருவான் என்று கேட்டான். இரண்டாவதும் மூன்றாவதும் அதே கதிதான். அவள் நாற்காலியிலிருந்தே வாயால் ஓட்டினாள், வெண்ணெய் குளிர்ந்து இருக்கணும் மனுஷா, மாவைப் பிசையாதே, சேர்த்துப் பிடி போதும், எலுமிச்சைத் தோல் மஞ்சளா இருக்கிறவரைக்கும் சீவு, வெள்ளைக்குப் போனா கசக்கும், ஃபிரிட்ஜில் ரெண்டு மணி நேரம் வை, அவசரத்தில் பிறந்தவனே. கேட்டேன், செய்தேன். நாலாவது கேக் நன்றாகவே வந்தது, ஓரம் பொன்னிறம், ஒரு விரிசல் இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டினேன். அவள் பார்த்தாள், ம், பரவால்ல என்றாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எப்படி மணி விற்கிறேன் என்று நீ சின்ன வயதில் சந்தையில் என் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். மந்தைக்காரனிடம் வாங்கு என்று சொன்னால் வாங்கமாட்டான், அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் ஆட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாத மணியை எடுத்து ஆட்டிக்கொண்டே வேறு கதை பேசுவேன். அந்தச் சத்தம் அவன் காதை அறுக்கும், தாங்கமாட்டாமல் அவனே கையை நீட்டி, கொண்டா இப்படி என்று சரியான மணியை எடுப்பான். எடுத்த கை திரும்ப வைக்காது. சைக்கிளில் ஒரு சாக்கு மணியோடு கிளம்பியவன் இந்தக் கடையைக் கட்டியது அந்த ஒரு வித்தையில்தான். ஐந்தாவது கேக்கிலிருந்து வேண்டுமென்றே கெடுக்க ஆரம்பித்தேன்.

நன்றாகச் செய்யத் தெரிந்த பிறகு கெடுப்பது லேசான வேலை இல்லை, அர்கிச்சு. ஒரு பக்கம் தடியாகத் தேய்த்தேன், ஓரத்தில் இடைவெளி விட்டேன், கிழிந்த இடத்தைக் கிழிசலாகவே விட்டேன். அவள் கத்தினாள், விரலால அழுத்து, கட்டை விரலால, அய்யோ அது விரலா மண்வெட்டியா என்று. ஏழாவது கேக்கின்போது தட்டில் அடிமாவைப் பரப்பி நடுவில் ஒரு ஓட்டை விட்டுவிட்டு ஜாம் ஜாடியைத் திறக்கப் போனேன். அதுக்கு மேல ஜாம் ஊத்தப் போறியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். இடது கையால் ஒரு துண்டு மாவை எடுத்து ஓட்டையை அடைத்தாள், அழுத்தும்போது தட்டு சுழன்று நகர்ந்தது, இன்னொரு தடவையும் நகர்ந்தது. தட்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும். வலது கை மடியிலிருந்து எழுந்தது, மெதுவாக, மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டு வந்து தட்டின் ஓரத்தில் உட்கார்ந்தது. தட்டு நின்றது. நான் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாள். ஏற்கெனவே கழுவின கரண்டியை எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன், கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு கேக். நாய்க்கும் சலித்துப்போயிற்று. ஜூலை முடியும்போது வலது கட்டை விரலால் ஓரத்தை அழுத்தினாள், பயிற்சிக்காரப் பெண் பார்த்துவிட்டுப் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள், இந்த மாவையே அமுக்கட்டும் என்றாள். உண்மையையும் சொல்கிறேன், சட்டைப் பொத்தான் போட வராது, மாடி ஏற முடியாது. கட்டிலைக் கீழே கொண்டுவந்துவிட்டேன், குளிப்பாட்ட ஒரு அம்மாள் காலையில் வருகிறாள். கரண்டி பிடிக்கிறாள், சூப் பாதி மேஜைக்கும் போகிறது. மேஜையைத் துடைத்துக்கொள்ளலாம்.

இனி திருவிழா விஷயம். செர்ரி கேக் என்றால் மேலே நம் வளைந்த சிலுவை, க்ரீம் கேக் என்றால் குறுக்கும் நெடுக்கும் கோடு, அறுக்காமலே உள்ளே என்ன என்று தெரிய வேண்டும். அந்தச் சிலுவையை உன் அம்மா முள்கரண்டியைத் தூக்காமல் ஒரே இழுப்பில் போடுவாள். அன்று காலை வலது கையில் முள்கரண்டியைப் பிடித்து மிச்ச மாவில் போட்டுப் பார்த்தாள், வளைவு வரவில்லை, மூன்று தடவை. நான் போடுகிறேன் என்றேன். நீ போட்டா சிலுவை மாதிரியா இருக்கும், வண்டியில நசுங்கின தவளை மாதிரி இருக்கும் என்றாள். பிறகு செர்ரி கேக்கின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். அப்புறம் இன்னொன்று. இப்படி மூன்று, அப்படி மூன்று, ஒன்று ஓரம் தாண்டித் தட்டுக்கே போய்விட்டது. உள்ளே இருக்கறது செர்ரி என்றேன். தெரியும், கைக்கு வளைவு வர்றவரைக்கும் இந்த வீட்ல செர்ரிக்கும் கோடுதான், எவனுக்குப் பிடிக்கலையோ அவன் ரொட்டி தின்னட்டும் என்றாள்.

பட்டித்தா செர்ரியைத் தொடமாட்டான், ஒரு முறை கொட்டையில் பல் உடைத்துக்கொண்டவன். கோட்டைப் பார்த்து நம்பிப் பெரிய துண்டாக எடுத்துக் கடித்தான். கடித்தவன் அப்படியே நின்றான். பதினான்கு பேர் மேஜையில், எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவன் பெண்டாட்டி கிண்டல் செய்ய வாயைத் திறந்தாள். அவன் உன் அம்மாவின் கையைப் பார்த்தான், அது மேஜைமேல் மாவு ஒட்டிக்கொண்டு இருந்தது. மென்று முழுங்கிவிட்டு, உன் அம்மாவிடம், கஷுஷா, இந்த வருஷம் க்ரீம் நல்லா கறுப்பா வந்திருக்கு, இன்னொரு துண்டு போடு என்று தட்டை நீட்டினான். உன் அம்மா சிரித்த சிரிப்பு கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். அந்த இரண்டாவது துண்டை அவள்தான் எடுத்து வைத்தாள், எந்தக் கையால் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இதுவரை எழுதிக் கோட்டுப் பையில் வைத்தது சனிக்கிழமை. இன்று திங்கள். கோட்டைத் துவைக்க எடுத்த உன் அம்மா கடிதத்தையும் எடுத்துவிட்டாள், முழுக்கப் படித்தும்விட்டாள், படுக்கை விஷயம் உட்பட. அவள் சொன்னது இது, நீ கெடுக்கறது எனக்கு அஞ்சாவதுலயே தெரியும், முப்பத்தெட்டு வருஷம் சந்தையில உன் பக்கத்துல நின்னவகிட்டயே மணி விக்கப் பாக்குறியா. அப்படியானால் ஏன் எழுந்து வந்தாய் என்று கேட்டேன். தெரிஞ்சும் தாங்கல, அவ்வளவு கேவலமா கெடுத்தே என்றாள். ஒன்பதாவது கேக்கைப் பற்றி நான் எழுதவில்லை என்றும் குறை, அது நான் வேண்டுமென்று கெடுத்ததில்லையாம், நிஜமாகவே கெட்டதாம். அதுவும் உண்மைதான்.

நீ எங்கிருந்தாலும் உடம்பு நன்றாக இருக்கட்டும், கை வைத்த காரியம் விளங்கட்டும். கம்பளிக் காலுறை போட்டுக்கொள், வாடகை வீட்டு ஜன்னலில் காற்று வருகிறது என்றாயே, வீட்டுக்காரனிடம் இந்த மாதமே சொல், பனி விழுந்த பிறகு சொன்னால் அவன் காதில் விழாது. பதினைந்தாம் தேதிக்குமுன் பயோனுக்குப் போன் செய்து பெயரை எடுத்துவிடு, மறக்காதே. நவம்பரில் நீ வரும்போது ஒரு ஜாடி மீதி இருக்கும், கெடுக்காமல் செய்கிறேன். அம்மாவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். பெயரில் வளைவு அதிகம், இப்போதைக்கு இது போதும் என்று வலது கையில் பேனாவை வாங்கிக்கொண்டாள். என் பெயருக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக ஆறு கோடு இருக்கும், அதுதான் அவள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
எர்ரமுன்